உதிரும் இலை எந்த நாளைக் குறிக்கிறது? வீட்டுக்குள் வளர்ந்த ஃபைகஸ் மரம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மரமும் அதன் இடமும்

இங்கு விவரிக்கப்படுவது வீட்டுக்குள் தொட்டியில் வளரும் ஃபைகஸ் பெஞ்சமினா வகை மரம் ஒன்றின் இலைச் சிக்கலும், அதைக் கண்டறிந்த விதமும், கொடுத்த மருத்துவமும், இடையில் நான் செய்த தவறுகளும் ஆகும். ஆல், அரசு, அத்தி ஆகியவை அடங்கும் அதே பேரினத்தைச் சேர்ந்த இம்மரம், இயற்கையில் இருபது மீட்டருக்கு மேல் உயரக்கூடியது. தொட்டியில் அது ஒரு மனிதனின் உயரத்திற்குள் அடங்கி நிற்கும். இந்த மரத்தின் உயரம் ஏறத்தாழ 150 செ.மீ. மூன்று இளந்தண்டுகளைச் சடைபோலப் பின்னி வளர்க்கப்பட்டது. அந்தப் பின்னல் அழகுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், பின்னர் பார்க்கப்போவதுபோல, இந்த நிகழ்வில் அதற்கு வேறொரு பங்கும் இருந்தது.

பதினான்கு மாதங்களாக இம்மரம் கிழக்கு நோக்கிய ஜன்னலிலிருந்து 60 செ.மீ. தொலைவில், 30 செ.மீ. விட்டமுள்ள தொட்டியில் நின்றது. ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை, மேல்மண் இரண்டு விரற்கணு ஆழம் காய்ந்த பிறகு, தண்ணீர் ஊற்றப்பட்டது. அக்காலத்தில் வாரத்திற்கு இரண்டு மூன்று இலைகள் உதிர்ந்தன. அவை கிளையின் உட்புறத்திலிருந்த முதிர்ந்த இலைகள். பசுமை மாறாத மரமும் இலையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் என்பதால் இது நோயன்று.

பின்னர் சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்காக மரம் அறையின் உட்பகுதிக்கு, ஜன்னலிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால், நகர்த்தப்பட்டது. வேலை முடிந்ததும் அது அங்கேயே நன்றாக இருப்பதாகத் தோன்றியதால் திருப்பி வைக்கப்படவில்லை. தரையில் ஈரம் படக்கூடாது என்று துளையில்லாத அலங்கார வெளித்தொட்டி ஒன்றுக்குள் அதை இறக்கி வைத்தேன். இந்த இரண்டு செயல்களும் ஒரே நாளில் நடந்தன. அந்த நாளை இக்கட்டுரையில் முதல் நாளாகக் கொள்கிறேன்.

முதல் மாதம்

ஒன்பதாம் நாள் உதிர்வு தொடங்கியது. முதலில் உட்கிளை இலைகள் மஞ்சளாகி விழுந்தன. இரண்டு மூன்று நாட்களில் முழுப் பச்சையாக இருந்த இலைகளும் தொட்டால் உதிர்ந்தன. இலை உதிர்ந்தால் தாகம் என்று பொருள்கொள்வது எளிய பழக்கம். நானும் அவ்வாறே பொருள்கொண்டு, பன்னிரண்டாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினேன். உதிர்வு குறையவில்லை. சத்துக் குறைவாக இருக்கலாம் என்று பதினேழாம் நாள், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் உள்ள கரையும் உரத்தை முழு அளவில் கொடுத்தேன். அதுவும் பயன் தராதபோது, வெளிச்சம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தேன். முடிவு சரி, ஆனால் இருபத்தொன்றாம் நாளும் மறுநாளும் மரத்தைத் திறந்த வெளியில் நேரடி வெயிலில் வைத்தது அந்தச் சரியான முடிவை மிகத் தவறாக நிறைவேற்றிய செயல். மூன்று வாரம் அரையிருளில் நின்ற இலைகள் நண்பகல் வெயிலைத் தாங்கவில்லை. உச்சிக் கிளைகளின் இலைகளில் வெளிறிய திட்டுகள் தோன்றி, பின்பு காய்ந்து பழுப்பாயின. மரத்தை மீண்டும் உள்ளே கொண்டுவந்தேன்.

பத்தே நாட்களுக்குள் நான்கு மாற்றங்கள்: அதிகத் தண்ணீர், உரம், வெயில், மறுபடியும் நிழல். ஒவ்வொன்றையும் செய்த மறுநாளே பலனை எதிர்பார்த்தேன். பலன் தெரியாததால் அடுத்ததற்குத் தாவினேன். இந்நிகழ்வில் பூச்சியைவிடப் பெரிய தீங்கு செய்தது இந்த அவசரமே என்பது என் மதிப்பீடு.

அதற்கான காரணம் இலை உதிரும் முறையிலேயே இருக்கிறது. இலைக்காம்பு கிளையுடன் சேரும் இடத்தில் மெல்லிய செல்களாலான ஓர் அடுக்கு உண்டு. இலை நலமாக இருக்கும்வரை அது ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வரத்து அவ்வடுக்கைப் பிரியவிடாமல் வைத்திருக்கும். வெளிச்சம் குறைந்தாலோ, வேர் மூச்சுத் திணறினாலோ ஆக்ஸின் குறைகிறது; இலை உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயுவுக்கு அவ்விடம் எளிதில் வினைபுரியத் தொடங்குகிறது; செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் நொதிகளால் கரைகிறது; அதன் பிறகே இலை விழுகிறது. இந்த வகை மரத்தில் இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை ஆகின்றன. ஆகவே இன்று தரையில் கிடக்கும் இலை இன்றைய பராமரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அது சென்ற வாரத்தையோ அதற்கு முந்தைய வாரத்தையோ பற்றிய செய்தி. ஒன்பதாம் நாள் விழுந்தவை முதல் நாள் இடமாற்றத்தின் விளைவு. பன்னிரண்டாம் நாள் ஊற்றத் தொடங்கிய தண்ணீரின் விளைவு, நான் வெயிலில் வைத்த நாட்களில்தான் வெளிப்படத் தொடங்கியிருக்கும். இதை அறியாமல் நான் ஒவ்வொரு நாளும் தவறான நாளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பரிசோதனை

முப்பத்தொன்றாம் நாள், தரையைத் துடைக்கும்போது மரத்தடியில் மட்டும் துணி பிசுபிசுவென ஒட்டியது. அதுவரை இலை உதிர்வை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, வேறொன்றும் நடக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று எந்த மருந்தும் கொடுக்காமல், எதையும் நகர்த்தாமல், பரிசோதனையை மட்டும் செய்வது என்று முடிவுசெய்தேன்.

முதலில் ஒரு நாளில் உதிர்ந்த இலைகளைச் செய்தித்தாளின் மேல் பரப்பி வகை பிரித்தேன். முழு மஞ்சளாகி விழுந்தவை ஒரு குவியல். பச்சையாகவே விழுந்தவை ஒரு குவியல். விளிம்பு பழுப்பேறியவை, வெளிறிய திட்டு உள்ளவை, ஒட்டும் பிசுக்கு படிந்தவை என்று மற்ற மூன்று. சில இலைகள் இரண்டு குவியலுக்கும் உரியவையாக இருந்தன. இந்த எளிய வேலையே நோய் ஒன்றல்ல என்பதை உறுதிப்படுத்தியது, ஏனெனில் ஒரே காரணம் இத்தனை வடிவங்களில் இலையைத் தள்ளுவது அரிது.

அடுத்து வெளிச்சத்தை அளந்தேன். கைப்பேசியின் ஒளிமானி துல்லியமானதன்று. ஆயினும் ஒரே கருவியால் இரண்டு இடங்களை ஒப்பிடலாம். பழைய இடத்தில் முற்பகலில் ஏறத்தாழ 3,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). புதிய இடத்தில் அதே நேரத்தில் 250 லக்ஸ். பன்னிரண்டில் ஒரு பங்கு. மனிதக் கண் குறைந்த வெளிச்சத்திற்குத் தன்னை விரைவாகப் பழக்கிக்கொள்வதால், அந்த மூலை எனக்கு வெளிச்சமாகவே தோன்றியிருந்தது.

தொட்டியை வெளித்தொட்டியிலிருந்து தூக்கியபோது, அடியில் மூன்று செ.மீ. உயரத்திற்குத் தண்ணீர் நின்றது. அதன் நாற்றம் சதுப்பு நீரின் நாற்றம். மரத்தைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவிப் பார்த்ததில், வேர்த்திரளின் மேற்பகுதி, மூன்றில் இரண்டு பங்கு, வெளிர்பழுப்பாக உறுதியாக இருந்தது. கீழ்ப்பங்கு கருத்து, கிள்ளி இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நூல்போன்ற நடுநார் மட்டும் கையில் நின்றது. இது வேரழுகலுக்குரிய குறி. வெளிச்சம் குறைந்தால் இலை ஆவியாக்கும் நீரும் குறையும். மரம் குறைவாகக் குடிக்கத் தொடங்கிய அதே வாரத்தில் நான் அதற்கு மூன்று நான்கு மடங்கு ஊற்றியிருந்தேன். மண்ணின் காற்றிடைவெளிகள் நீரால் நிரம்பியதும் வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை; மூச்சடைத்த வேரை மண்ணிலுள்ள பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் எளிதில் பிடித்துக்கொள்கின்றன. வேர் அழுகிய மரம் ஈரமண்ணில் நின்றுகொண்டே வாடும். பார்ப்பவர் அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார்.

கிளைகளில் உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைச் சற்றே சுரண்டினேன். பெரும்பாலான கிளைகளில் உள்ளே பச்சையாக இருந்தது, வெண்பால் கசிந்தது. கீழ்வலப்புறத்தில் இரண்டு சிறுகிளைகள் மட்டும் காய்ந்து ஒடிந்தன. இந்தப் பால் தோலில் எரிச்சலை உண்டாக்கக்கூடியது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள சிலருக்கு இம்மரமும் ஒவ்வாமையைத் தூண்டும். எனவே கையுறையுடன் வேலை செய்வதே முறை. பூனை, நாய் போன்றவை இலையை மெல்லாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கடைசியாகப் பிசுக்கின் மூலத்தைத் தேடினேன். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது, நடுநரம்பை ஒட்டி, இரண்டு முதல் நான்கு மி.மீ. நீளமுள்ள, தட்டையான, நீள்வட்டப் பழுப்புப் புடைப்புகள் வரிசையாக இருந்தன. இளங்கிளைகளிலும் அவை இருந்தன. பட்டையின் நிறத்தோடு கலந்துபோயிருந்ததால் அவற்றைக் கிளையின் இயல்பான தழும்பு என்றே இதுவரை நினைத்திருந்தேன். நகத்தால் தள்ளியதும் ஒவ்வொன்றும் முழுதாகப் பெயர்ந்து வந்தது; நசுக்கினால் ஈரம் கசிந்தது. இவை மென்செதில் பூச்சிகள். செதில் பூச்சிகளில் கடினக் கவசமுடைய இனமும் உண்டு. அதன் மூடியைத் தூக்கினால் உடல் தனியாக அடியில் ஒட்டியிருக்கும், அது இனிப்புக் கழிவை வெளியேற்றுவதும் இல்லை. மென்செதில் பூச்சியோ மரத்தின் சாற்றை உறிஞ்சி, தனக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போன்ற துளிகளாகக் கழிக்கிறது. தரையில் ஒட்டியது அதுவே. கீழ்க்கிளை இலைகள் சிலவற்றின் மேற்புறத்தில் கரிபூசியதுபோல் படிந்திருந்தது அந்தச் சர்க்கரையில் வளர்ந்த கரும்பூசணம். அது இலைக்குள் ஊடுருவுவதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் வெளிச்சத்தை மறைக்கும்.

இங்கே ஒரு வருத்தமான நினைவையும் பதிவுசெய்ய வேண்டும். மரம் நகர்த்தப்படுவதற்கு ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பே, அதன் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கியதைப் பார்த்திருந்தேன். எறும்பு மருந்து போட்டு அவற்றை விரட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். எறும்புக்கு ஃபைகஸ் இலையில் வேலையில்லை. அது தேன்துளிக்காகவே ஏறியது. செதில் பூச்சி இடமாற்றத்தால் வந்ததன்று, அதற்கு முன்பே சிறு எண்ணிக்கையில் குடியேறியிருந்தது, மரம் தளர்ந்தபின் அதன் சுமை வெளிப்பட்டது என்ற முடிவுக்கு இதுவே எனக்குள்ள ஆதாரம்.

விலக்கப்பட்ட காரணங்கள்

சிலந்திப் பேன் இருக்கிறதா என்று வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டிப் பார்த்தேன். நகரும் புள்ளிகள் விழவில்லை, இலையில் ஊசிக்குத்துப் போன்ற வெளிறலோ வலையோ இல்லை. இலைப்பேன் தாக்கினால் இம்மரத்தின் இளந்தளிர் நடுநரம்போடு மடிந்து மூடிக்கொள்ளும், அதுவும் இல்லை. நீர் ஊறியதுபோன்ற கோணவடிவப் புள்ளிகளும் அவற்றைச் சுற்றிய மஞ்சள் வளையமும் காணப்படாததால் பாக்டீரியா இலைப்புள்ளி நோய் விலக்கப்பட்டது. மாவுப்பூச்சியின் பஞ்சு எங்கும் இல்லை.

விளிம்பு பழுப்பேறிய இலைகளுக்குத் தொட்டியின் உள்விளிம்பில் படிந்திருந்த வெண்ணிற உப்புப் படலம் விளக்கம் தந்தது. பலவீனமான வேருக்கு முழு அளவு உரம் கொடுத்ததன் பயன் அது.

மருத்துவம்

மூன்று சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன: வெளிச்சக் குறைவு, வேரழுகல், செதில் பூச்சி. எதை முதலில் தொடுவது என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் எதிரி பூச்சிதான். கை முதலில் அதன் மேலேயே போகத் துடிக்கும். ஆனால் நீர்ப்பஞ்சத்தில் இருக்கும் இலைமேல் சோப்போ எண்ணெயோ தெளித்தால் இலை கருகக்கூடும். வேர் அழுகிய மரம் ஈரமண்ணில் நின்றாலும் நீர்ப்பஞ்சத்திலேயே இருக்கிறது. செதில் பூச்சி ஒரு வாரம் காத்திருக்கும், வேர் காத்திருக்காது. ஆகவே வேரை முதலில் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டாம் நாள், அழுகிய வேர்களை ஆல்கஹாலால் துடைத்த கத்தரியால் உறுதியான பகுதிவரை நறுக்கினேன். பழைய மண்ணில் உதிர்ந்து வந்ததை மட்டும் நீக்கி, வேர்த்திரளின் நல்ல பகுதியைக் கலைக்காமல் விட்டேன். புதிய கலவை: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெண்ணிறத் துகள்) ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. தொட்டியைப் பெரிதாக்கவில்லை, பழையதையே கழுவிப் பயன்படுத்தினேன். வேர் குறைந்த மரத்திற்குப் பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலை மீண்டும் அழைக்கும். ஒருமுறை நன்றாக நீரூற்றி வடியவிட்டேன். வெளித்தொட்டி அன்றோடு ஓய்வு பெற்றது. அதற்குப் பதிலாக ஒரு தட்டு, அதில் வடியும் நீர் அரைமணி நேரத்தில் கொட்டப்பட்டது. உரம் நிறுத்தப்பட்டது.

இடத்தைப் பொறுத்தவரை, பழைய ஜன்னலுக்கு அருகே உடனே திருப்பி வைக்காமல், ஒரு மீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,500 லக்ஸ் கிடைக்கும் இடத்தில் வைத்தேன். மரத்தில் அப்போது எஞ்சியிருந்த இலைகள் ஒரு மாதமாகக் குறைவெளிச்சத்தில் இருந்தவை. அந்த இடத்தைச் சுவரில் குறித்துவைத்து, அடுத்த ஆறு மாதங்களுக்கு அதை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தேன். குளிரூட்டியின் காற்று நேராகப் படாத இடம் அது என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். குளிர்காற்றும் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழான வெப்பநிலையும் இம்மரத்தில் தனியாகவே உதிர்வைத் தூண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் பூச்சி மருத்துவம் தொடங்கியது. இரண்டு நாட்களுக்கு முன்பு நான்கு இலைகளில் மட்டும் சோதித்து, கருகல் ஏற்படவில்லை என்று உறுதிசெய்திருந்தேன். எழுபது விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு செதிலையும் தொட்டுப் பெயர்த்தேன். மிகவும் மொய்த்திருந்த இலைகளைத் துடைப்பதைவிடக் கிள்ளி எறிவதே சிறந்தது என்று பட்டது. எப்படியும் அவை விழப்போகின்றவை. இந்த வேலைக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

பின்னர் பொட்டாசியம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் நீருக்குப் பத்து மில்லி வீதம், ஏழு நாட்களுக்கு ஒருமுறை நான்கு தடவை தெளிக்கப்பட்டது. சோப்பு நஞ்சாக வேலை செய்வதில்லை. பூச்சியின் உடல்மேல் ஈரமாக இருக்கும்வரை மட்டுமே அதன் செல்சவ்வுகளைச் சிதைத்துக் கொல்கிறது. காய்ந்த பிறகு அதற்கு ஆற்றல் இல்லை. படாத பூச்சியை அது ஒன்றும் செய்யாது. எனவே இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி, விரைவில் காயாத மாலை வேளையில், மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடிக்கொண்டு தெளித்து, இரண்டு மணி நேரம் கழித்து வெறும் நீரால் இலைகளைக் கழுவினேன். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்துவிடும் என்பதால் வடிகட்டிய மென்னீரையே பயன்படுத்தினேன். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு மாற்றாகாது. அது சோப்பே அன்று, இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடக்கூடிய சலவைப்பொருள். பலர் அதைப் பரிந்துரைக்கின்றனர். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு தடவை என்பதற்கும் காரணம் உண்டு. தாய்ப்பூச்சியின் உடலுக்கு அடியில் உள்ள குஞ்சுகளைத் தெளிப்பு எட்டுவதில்லை. அரை மி.மீ.கூட இல்லாத அந்தக் குஞ்சுகள் வெளியேறி, நல்ல இடம் தேடி நடக்கும் சில நாட்களே அவை எளிதில் சாகும் பருவம். ஓரிடத்தில் உறிஞ்சுகுழலைச் செருகி அமர்ந்து மேல்தோல் தடித்துவிட்டால் சோப்பு அவற்றின் மேல் வழிந்துபோகும். வெவ்வேறு நாளில் வெளிவரும் குஞ்சுகளை அந்தந்த வாரமே பிடிப்பதற்காகத்தான் மறுபடி மறுபடி தெளிப்பது.

மண்ணில் ஊற்றி வேர்வழியாக ஏறும் மருந்தைப் பற்றியும் யோசித்தேன். நீரையே சரியாக உறிஞ்ச முடியாத வேர் மருந்தை மட்டும் எப்படி உறிஞ்சும் என்ற எளிய கேள்வி அதைத் தள்ளிவைக்கப் போதுமானதாக இருந்தது.

உதிர்வின் கணக்கு

இருபத்துநான்காம் நாளிலிருந்து உதிர்ந்த இலைகளை எண்ணி எழுதி வந்தேன். மண் மாற்றிய பின் வந்த ஆறு வாரங்களின் கணக்கு இது: முதல் வாரம் 58, இரண்டாம் வாரம் 71, மூன்றாம் வாரம் 44, பின்னர் 19, 8, 3. இரண்டாம் வாரத்தில் எண்ணிக்கை ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். வேர் நறுக்கப்பட்டிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, பூச்சி மருத்துவம் தொடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு உதிர்வு கூடுகிறது. முதல் மாதத்து மனநிலையில் இருந்திருந்தால், மருத்துவம் தோற்றுவிட்டது என்று முடிவுசெய்து, அந்த வாரமே மரத்தை மறுபடி நகர்த்தியிருப்பேன். காலத் தாமதத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த 71 இலைகளுக்கும் விளக்கம் இருந்தது: அவை வெயிலில் வைத்த நாட்களின் விளைவும், வேர் நறுக்கியதற்கு மரம் கொடுத்த ஈடும் சேர்ந்தவை. மூன்றில் ஒரு பங்கு வேரை இழந்த மரம் முழு இலைச்சுமையைத் தாங்காது, சுமையைக் குறைத்துக்கொள்கிறது. அந்த வாரம் நான் செய்ததெல்லாம் எண்ணி எழுதியதும், விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்து, ஊற்றாமல் திரும்பியதும்தான். ஒன்றும் செய்யாமல் இருப்பது இந்த மருத்துவத்தின் கடினமான பகுதி என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

மண் மாற்றிய நாற்பதாவது நாளளவில், கிளை நுனிகளில் தளிரை மூடியிருக்கும் கூர்மையான உறைகள் பருக்கத் தொடங்கின. முதலில் விரிந்த இலைகள் பழையவற்றைவிட மெல்லியனவாகவும் அகன்றும் இருந்தன. இது நோயின் எச்சம் அன்று. ஃபைகஸ் பெஞ்சமினா, இலை உருவாகும்போது கிடைக்கும் வெளிச்சத்திற்கேற்ப அதன் அமைப்பைத் தீர்மானிக்கிறது. வெயிலில் உருவான இலை சிறியது, தடித்தது, அதிக வெளிச்சம் இருந்தால்தான் தன் செலவுக்கு மிஞ்சிச் சம்பாதிக்கும். நிழலில் உருவான இலை குறைந்த ஒளியிலேயே கணக்கைச் சரிக்கட்டும். முற்றிய இலையால் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு முழுமையாக மாற முடிவதில்லை. எனவே இடம் மாறிய மரம் பழைய இலைகளில் பலவற்றைக் கைவிட்டு, புது இடத்துக்கேற்ற இலைகளைக் கட்டுகிறது. பொறுப்புள்ள நாற்றங்கால்களில் விற்பனைக்கு முன் பல வாரங்கள் நிழல்வலைக்குள் வைத்து இம்மரத்தைப் பழக்குவது இதனால்தான். அவ்வாறு பழக்கப்படாத மரம் வாங்கி வந்த பதினைந்து நாளில் பாதி இலையை உதிர்ப்பதும் இதனால்தான்.

மீண்டும் பிசுபிசுப்பு

தொண்ணூற்றைந்தாம் நாள், புது இலை ஒன்றின் மேற்புறத்தில் கண்ணாடித்துளி போன்ற ஒரு பிசுக்கு தெரிந்தது. கடைசித் தெளிப்பு முடிந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. துளி விழுந்த இடத்திற்கு நேர்மேலே உள்ள கிளைகளைத் தேடினேன். இரண்டே இரண்டு இளம்பூச்சிகள். அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விதான் முக்கியம், ஏனெனில் இலைகளையும் கிளைகளையும் ஒன்றுவிடாமல் துடைத்திருந்தேன்.

விடை பின்னலில் இருந்தது. மூன்று தண்டுகளும் பருத்து ஒன்றையொன்று நெருக்கும் இடங்களில் ஆழமான பிளவுகள் உண்டாகியிருந்தன. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, அந்தப் பிளவுகளுக்குள் தெளிப்பும் பஞ்சும் எட்டாத ஆழத்தில் முதிர்ந்த பூச்சிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. இலைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நான், மூலக்குடியிருப்பைத் தொடவே இல்லை.

மென்மையான பல்துலக்கும் தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு பிளவையும் தேய்த்து, வெளிவந்தவற்றைத் துணியால் ஒற்றி எடுத்தேன். மறுநாள் தோட்டக்கலைக்கென விற்கப்படும் கனிம எண்ணெயை ஒரு விழுக்காட்டு அளவில் நீரில் கலந்து, பின்னலில் மட்டும், பிளவுகளுக்குள் இறங்கும்படி தூரிகையால் தடவினேன். எண்ணெய் பூச்சியின் மூச்சுத்துளைகளை அடைத்துக் கொல்வதால், சோப்பு எட்டாத மூலையிலும் பரவி வேலை செய்கிறது. வேர் தேறிவிட்டிருந்ததால் இப்போது இதற்கு மரம் தாங்கியது. பத்து நாள் இடைவெளியில் மேலும் இரண்டு முறை இது செய்யப்பட்டது. பின்னிய தண்டுள்ள மரத்தில் செதில் பூச்சி கண்டால், இலையைப் பார்ப்பதற்கு முன் பின்னலைப் பார்ப்பதே சரியான வரிசை என்பதை இந்தப் பின்னடைவு எனக்குக் கற்பித்தது. பின்னலை இறுக்கும் கம்பியோ நாடாவோ இன்னும் இருந்தால் அதையும் அப்போதே அறுத்துவிட வேண்டும். அதற்கடியிலும் அவை தங்கும்.

இப்போதைய நிலை

இடமாற்றம் நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. உதிர்வு வாரத்திற்கு இரண்டு இலைக்கு மேல் போவதில்லை. பத்து முதல் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை, விரலால் பார்த்தும் தொட்டியின் எடையைத் தூக்கிப் பார்த்தும், தண்ணீர் ஊற்றப்படுகிறது; ஜன்னலோரத்தில் இருந்ததைவிட இந்த இடைவெளி நீண்டது, வெளிச்சம் குறைந்ததற்கு அதுவே பொருத்தம். மூன்று மாதங்களுக்குப் பிறகு உரம் மீண்டும் தொடங்கப்பட்டது, கால் அளவில், புதுத்தளிர் விடும் காலத்தில் மட்டும். உப்புப் படலம் மறுபடி தோன்றினால் தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு மண்ணைக் கழுவுகிறேன்.

வெயிலில் கருகிய இலைகள் தேறவில்லை. கருகிய திசு மீண்டும் பச்சையாவதில்லை. அவற்றில் பாதிக்குமேல் பச்சையாக இருந்தவற்றை மரம் தானே உதிர்க்கும்வரை விட்டுவைத்தேன். கீழ்வலப்புறத்தில் காய்ந்த இரண்டு சிறுகிளைகளை உயிருள்ள கணுவரை நறுக்கினேன். ஒன்றில் பக்கமொட்டு வெடித்து நான்கு இலைகள் விட்டிருக்கிறது, மற்றொன்றில் எதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் மரத்தில் இன்னும் ஒரு வெற்றிடம் தெரிகிறது. அதை நிரப்புவதற்காக மரத்தைத் திருப்பி வைக்கலாமா என்று யோசித்து, சுவரில் உள்ள குறியை வைத்து வாரத்திற்கு இரண்டு விரற்கடை அளவு மட்டும் திருப்பத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் அதே நாளில் பின்னலின் பிளவுகளைக் கைவிளக்கால் பார்க்கிறேன். தண்டில் எறும்பு ஏறினால் இப்போது முதலில் மருந்தை எடுப்பதில்லை. அது எந்தக் கிளைக்குப் போகிறது என்று பின்தொடர்கிறேன்.